கையை நீட்டாதே!

மூன்றாவது பேஸில் நின்றிருந்தாள் ஸ்வர்ணா. எதிரே, ரன் எடுக்கத் தொட வேண்டிய ஹோம் பிளேட்டை மறித்துக்கொண்டு நின்றவள் அவளுடைய ஓரகத்தி கண்மணி. முகத்தில், பந்து பிடிக்கும் கேட்சர் மாட்டும் இரும்புக் கூண்டு. உள்ளே இருந்த முறைப்பு மட்டும் நன்றாகத் தெரிந்தது.

போன வருஷம் இதே பேர்லேண்ட் மைதானம், இதே தமிழ்ச் சங்கத்துப் பேஸ்பால் போட்டி. ஓடி வந்த ஸ்வர்ணா தோளால் முட்டினாள். கண்மணியின் கையிலிருந்த பந்து எகிறியது. ரன் கிடைத்தது, கோப்பையும் கிடைத்தது. கண்மணிக்குக் கிடைத்தது உடைந்த காறை எலும்பு. கைக்குழந்தையைக்கூட மாதக்கணக்கில் தூக்க முடியவில்லை. அன்றோடு 'அக்கா' என்று கூப்பிடுவது நின்றது. தீபாவளிக்கு வந்தவள் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டுப் போனாள். கோப்பை கிடக்கட்டும், அந்த ஒரு வார்த்தைக்கு ஸ்வர்ணா எப்படி ஏங்கினாள் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

இடிப்பதைத் தடுக்க வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் எல்லோரும் வாய் கிழியப் பேசினார்கள். விதி ஒன்றும் வரவில்லை.

இப்போது ஸ்கோர் சமம். அவள் அணிக்காரியின் மட்டை சுழன்றது, பந்து தொலைவில் போய் விழுந்தது. ஸ்வர்ணா ஓடினாள்.

"இடிச்சுத் தள்ளுங்க!" என்று அவள் அணி கத்தியது.

"கைய நீட்டாத ஸ்வர்ணா!" என்று அலறினான் கணவன் திருமூர்த்தி. "கைய உடைச்சுக்கிட்டு யார் பல்லப் பிடுங்குவ?" பல் டாக்டரின் கணவனுக்கு வேறு என்ன கவலை இருக்கும்!

அதற்குள் பந்து கண்மணியின் கையுறைக்கு வந்துவிட்டது. தோளைச் சுருக்கிக்கொண்டு அடியை எதிர்பார்த்து நின்றாள். இடித்தால் பந்து கைநழுவும், ஜெயித்துவிடலாம். அந்த எலும்பும் மறுபடி உடையும். சீ, இதெல்லாம் ஒரு ஜெயிப்பா என்றிருந்தது ஸ்வர்ணாவுக்கு. பிளேட்டைத் தொட வலது கையை நீட்டி, தலை முன்னே போக, தரையோடு தரையாகப் பாய்ந்தாள்.

கண்மணி அந்தக் கையின் மேல் முழங்காலை முழு பலத்தோடு இறக்கினாள். நறுக்கென்று சத்தம். ஸ்வர்ணாவின் வாயெல்லாம் மண்ணும் ரத்தமும். இரண்டு விரல்கள் போகக் கூடாத திசையில் வளைந்து கிடந்தன. கை பிளேட்டைத் தொடும் முன்பே பந்தோடு கையுறை அவள் முதுகில் பொத்தென்று இறங்கியது.

"அவுட்!" என்றார் நடுவர்.

கண்மணி கூண்டைக் கழற்றி எறிந்தாள். "வேணும்னுதான் முட்டியப் போட்டேன்."

"தெரியும்டி."

"ஏன் இடிக்கல? இடிச்சிருந்தா வின் பண்ணிருக்கலாமே?"

"அன்னைக்கு இடிச்சது போதாதா?"

கண்மணி அந்த விரல்களையே பார்த்தாள். "வலிக்குதா?"

"உயிர் போகுதுடி."

"எனக்கும் இப்படித்தான் வலிச்சுது." மண்ணில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள் கண்மணி. "எனக்கும் இப்படித்தான்க்கா வலிச்சுது."

விரலாவது, பல்லாவது! ஸ்வர்ணா நல்ல கையால் அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.