லோயிக் யார் வீட்டுப் பிள்ளை

கனடாவுல கடலோரமா இருக்கிற எங்க ஷெட்டிகாம் ஊர்ல குடும்பப் பேரை வச்சு ஒருத்தரைத் தேடினா உருப்பட்ட மாதிரிதான். பாதி ஊரு ஓக்குவான், மீதி ஊரு ஷியாசோன். அதனால அப்பன் பேரு, தாத்தன் பேருன்னு நடுவுல ஒரு ‘ஆ’ போட்டுக் கோர்த்துக்கிட்டே போவோம். மார்க் ஆ பெலிக்ஸ் ஆ பொலித்னா பெலிக்ஸ் மகன், பொலித் பேரன். அவ்வளவுதான் விலாசம்.

செலி என் பொண்டாட்டி அல்மாவோட மக. அவளைப் பெத்த தெமியான் சிங்கிறால் பிடிக்கப் போன இடத்துல கடலோட போயிட்டான். அப்ப அவளுக்கு ரெண்டு வயசு. அப்புறம் வளர்த்தது நான். சைக்கிள் பழக்கினேன், ஆடின பல்லைப் பிடுங்கினேன், காதல் முறிஞ்சு அழுதப்ப கூடவே உக்காந்து ஐஸ்கிரீம் தின்னேன். ஆனா என்னைப் பிலியாஸ்னு பேர் சொல்லித்தான் கூப்பிடுவா. ஊருக்கும் அவ செலி ஆ தெமியான் ஆ தில்மோன். அதுதான் முறை. செத்தவனோட போட்டி போட நான் என்ன மடையனா?

மூணு குளிர்காலமா அவ தெமியானோட முன்னோரைத் தேடினா. சர்ச், கல்லறை, கிழடுகட்டைங்க வீடு, ஒண்ணு விடல. கார் ஓட்டினது யாரு? நான்தான். கடைசியா பிரான்சுலேர்ந்து கப்பலேறி வந்த மத்துரான் வரைக்கும் பிடிச்சுட்டா. அவ குதிச்ச குதியில எனக்கும் சந்தோஷம். கூடவே ஒரு நினைப்பு. இத்தனை தலைமுறை கிடைச்சுதே, இதுல நான் எங்கே?

ஆகஸ்ட்ல தெமியான் வம்சத்துக் கூட்டம். சர்ச் ஹால் முழுக்கக் கோழிக் குழம்பு வாசனை. ஒவ்வொருத்தரா மேடையேறி தன் வரிசையைச் சொல்லணும். தெமியானோட அண்ணன் அர்சேன் அதை அட்டையில எழுதி நெஞ்சுல குத்திவிடுவார். நான் அந்த வம்சமில்ல. கதவோரமா நின்னேன்.

“என்ன பிலியாஸ், உள்ள வாயேன். யாரும் கடிச்சிட மாட்டோம்”னா, அந்த வீட்டுல வாக்கப்பட்ட என் அத்தை மக மினூ.

“கடிச்சா உன் கட்டின பல்லுதான் கழண்டு விழும், போடி.”

செலி இடுப்புல தன் கைக்குழந்தை லோயிக்கோட ஏறினா. தெமியான்லேர்ந்து மத்துரான் வரைக்கும் ஒரு பேரு தப்பாம சொன்னா. ஹாலே கை தட்டுச்சு. நானும் தட்டினேன். சத்தியமா வலிச்சுது.

“பொடியனுக்கு?”ன்னார் அர்சேன். “அவன் அப்பன் டொரன்டோக்காரன், அந்த வரிசை இங்க எவனுக்குத் தெரியும்? அம்மா வழியாவே போட்டுருவோம். லோயிக் ஆ செலி ஆ தெமியான், சரியா?”

“இல்ல பெரியப்பா. லோயிக் ஆ செலி ஆ பிலியாஸ்.”

அர்சேன் பேனாவை அட்டையிலேர்ந்து எடுத்தார்.

“இது எங்க வம்சத்துக் கூட்டம்மா…”

“தெரியும் பெரியப்பா. என்னைப் பெத்தவரு தெமியான், அதை நான் விட்டுக் குடுக்க மாட்டேன். ஆனா இவனுக்குத் தாத்தா யாருன்னு கேட்டா, அந்தா, கதவுகிட்ட நிக்கிறாரு.”

அர்சேன் பேனாவைப் பிடிச்சபடியே என்னைப் பார்த்தார். தம்பியைக் கடலுக்குக் குடுத்த மனுஷன். அவர் என்ன சொன்னாலும் வாங்கிக்கணும்னு நினைச்சேன். அவர் குனிஞ்சு எழுதினார். எழுதிட்டு, மைக்குலயே கேட்டார்.

“பிலியாஸ், உங்கப்பா பேரு செவெரான்தானே? அட்டையில இன்னும் இடமிருக்கு. சேர்த்துடவா?”

“சேர்த்துடுங்க”ன்னு சொல்லிக்கிட்டே கதவை விட்டு உள்ள வந்தேன்.