முழங்கால் உயரத்துப் புதுப் பெயிண்ட்

ரீத்தாவுக்கு அந்த வீடு பார்த்த மாத்திரத்தில் பிடித்துவிட்டது. அதுதான் வினையே. அஞ்சுகிராமம் பக்கம், வயலை ஒட்டிய பழைய ஓட்டுவீடு. கடல் இரைச்சல் காதில் விழாது. கடற்கரையில் அவர்கள் குடியிருக்கும் வீட்டுக்குள் வருஷா வருஷம் ஜூன் மாதம் அலை ஏறிவந்து அடுப்பை அணைத்துவிட்டுப் போகிறது. இந்த வருஷம் அதற்கு முன்னால் பிள்ளைகளோடு குடிமாறிவிடத் துடித்துக்கொண்டிருந்தாள்.

கணவன் மரியானுக்குச் சந்தேகமெல்லாம் இடத்தின் மேல்தான். சர்வேயரைக் கூட்டிவந்து, எல்லைக்கல் பார்த்து அளக்க வைத்தான். விரல்கடை குறையவில்லை. கோட்டையைப் பிடித்தவன் மாதிரி மீசையைத் தடவிக்கொண்டான். எங்கள் பக்கத்து ஆண்களுக்கு மண்ணை அளந்தால் போதும். மேலே நிற்கிற வீடு தானாகச் சரியாகிவிடும்.

ரீத்தாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எல்லா அறையிலும் சுவரில் முழங்கால் உயரத்துக்கு மட்டும் பெயிண்ட் புதுசாக இருந்தது. ஏன் என்று தரகரிடம் கேட்டாள். "ஒரு அழகுக்குத்தான்க்கா" என்று சிரித்தவர், இந்த வாரமே பதிவை முடிக்கச் சொல்லி அவசரப்படுத்தினார்.

"எஞ்சினியரெக் கூட்டிட்டு வந்து காட்டணும்," என்றாள் மரியானிடம்.

"அளந்தாச்சுல்லா ஏட்டி, இனி என்னத்துக்கு?"

"நீங்க அளந்தது மண்ணெ. நாம கெடக்கப்போறது சொவருக்குள்ள."

சுபிதா என்ற எஞ்சினியர் பெண் வந்தாள். உத்தரம், கழுக்கோல், ஓடு எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தாள். குறையில்லை. ரீத்தா மனசுக்குள் மாதாவுக்கு நன்றி சொல்லத் தொடங்கும்போது, சுபிதா பின்கதவைத் திறந்து, சுவரை உரசியபடி வறண்டு கிடந்த பாசனச் சானலைக் காட்டினாள்.

"பேச்சிப்பாறை அணை திறந்தா இதுல தண்ணி ஓடும்க்கா. சொவரு அதெ உறிஞ்சுதுன்னு நெனைக்கேன், அந்தக் கறையெ மறைக்கத்தான் பெயிண்ட். மண்சொவரு, அடி நனைஞ்சா நிக்காது. இப்பம் காஞ்சு கெடக்கதுனால உறுதியாச் சொல்ல முடியல்ல. தண்ணி ஓடும்போ வந்து பாக்கணும். அதுவரைக்கும் பத்திரத்துல ஒப்புப் போடாதீங்க."

"எப்பம் திறப்பாவ?"

"ஜூன்ல."

தண்ணீருக்குப் பயந்து ஓடிவந்தவளைத் தண்ணீர் வரும்வரை காத்திருக்கச் சொல்கிறார்கள். வேறொரு ஆள் வீட்டைக் கேட்டுக்கொண்டிருப்பதாகத் தரகர் காதுபட முணுமுணுத்தார்.

மரியான் அவள் முகத்தைப் பார்த்தான். "ஒனக்கு வேணும்னா முடிச்சிருவோம் ஏட்டி."

அவள் சுவரைப் பார்த்தபடியே நின்றாள். வேண்டும் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"கடலு ஏறுனா பிள்ளையளத் தூக்கிட்டு ஓடலாம்," என்றாள். "தூங்கும்போ சொவரு விழுந்தா எங்க ஓட?"

பஸ்ஸில் டிக்கெட் எடுத்த பிறகு அவள் சொன்னாள்: "போற வழியில செங்கல் வாங்கணும். கடலு ஏறுமுன்ன கட்டிலெ ஒசத்தி வைக்காண்டாமா?"