மருந்து அடைத்த குழிகள்

மறுபடியும் அதே எழுத்துகள்தான் வந்தன. ஜாவா நிரல் ஓடத் தொடங்கியது, வெடியின் அதிர்வை அளக்கும் கருவியோடு பேசுகிற நூலகக் கோப்பைக் கூப்பிட்டது, இணைக்க முடியவில்லை என்று சொல்லிவிட்டு விழுந்தது. அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். குவாரி அலுவலகம் என்பது தகரக் கூரை போட்ட ஓர் அறை. மேசை, கீபோர்டு, தண்ணீர்க் குடம் எல்லாவற்றின் மேலும் மாவு சலித்ததுபோல் கல்தூசி. மின்விசிறி அதை இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு மாற்றிக்கொண்டிருந்தது. சன்னல் வழியே குவாரியின் மேல்தட்டில் மாமாவும் அவருடைய ஆட்களும் பாறை நிழலில் குந்தியிருப்பது தெரிந்தது. காலையிலேயே குழிகளில் வெடிமருந்து அடைத்து முடித்துவிட்டார்கள். அடைத்த குழிகளை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போக முடியாது. வெளிச்சம் இருக்கும்போதே வெடித்தாக வேண்டும்.

போன மாதம் பள்ளத்து வீட்டு வரிசையில் வெடி அதிர்வில் ஒரு சுவர் விரிசல் விட்டது. பழைய கம்ப்யூட்டர் தூசி தின்று செத்திருந்ததால் அன்றைய அதிர்வுக்குப் பதிவு கிடையாது. முதலாளி ஊரில் இல்லை, சூப்பர்வைசர் போனை எடுக்கவில்லை. வெடிக்காரரான மாமாவைத்தான் கூட்டிக்கொண்டுபோய் ஸ்டேஷன் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். அன்றிலிருந்து, திரையில் அதிர்வைக் காட்டும் கோடு ஓடாமல் வெடிப் பொத்தானில் கை வைக்க மாட்டேன் என்று நிற்கிறார். புதுக் கம்ப்யூட்டர் வாங்கினார்கள். நிரலை விற்ற கம்பெனிக்குப் போன் போட்டு, என் அக்கா மகளையே அனுப்புங்கள் என்று கேட்டதும் அவர்தான்.

அவளுக்குக் குவாரி புதிதில்லை. அப்பா சம்மட்டி பிடித்தவர். பள்ளி விடுமுறைகளில் அவளும் ஜல்லி அள்ளியிருக்கிறாள். அந்த வேலையில் பாட்டும் இல்லை, கூத்தும் இல்லை. இடுப்பு வலி இருந்தது. இப்போது உட்கார்ந்தே அதே இடுப்பு வலிக்கிறது.

சூப்பர்வைசர் செருப்பைத் தேய்த்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"என்னம்மா, இன்னும் ஒப்பாரிதானா? கோப்பு இல்லைங்குது, கோப்பு இல்லைங்குது. கண்ணு முன்னாடிதான கிடக்கு?"

"அது வேற இடத்துல தேடிட்டிருந்துச்சு சார். இடத்தைக் காட்டிட்டேன். இப்ப கிடைச்சிருச்சு, ஆனா ஏத்த மாட்டேங்குது."

"அப்ப ஒண்ணு பண்ணு. பழைய பதிவு ஒண்ணைப் பிரிண்ட் எடு, தேதியை மாத்து. லாரி வரிசை ரோடு வரைக்கும் நிக்குது. மலை இன்னிக்கு மட்டும் புதுசா ஆடிடப் போகுதா?"

தேதியை மாற்ற ஒரு நிமிடம் போதும் என்பது அவருக்குத் தெரியும். அவளுக்கு இருந்த அசதியில், அந்த ஒரு நிமிடம் தண்ணீர்ப் பந்தல் மாதிரித் தெரிந்தது.

மாமா இறங்கி வந்தார். வாசலிலேயே நின்றுகொண்டார்.

"என்ன பாப்பா, என்னதான் சொல்லுது?"

"கோப்பு பழைய வகை மாமா, முப்பத்திரண்டு பிட். இதுல போட்டிருக்கிற ஜாவா அறுபத்துநாலு. ரெண்டும் ஒரே மிஷின்ல இருக்கலாம், ஆனா இது அதைக் கூப்பிட முடியாது."

"பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்திங்க மாதிரியா."

"அதேதான். என் லேப்டாப்புல ரெண்டு வகை ஜாவாவும் கிடக்கு. அங்க ஓடுச்சு, இங்கயும் ஓடும்னு நம்பி அதைத் தூக்காம வந்துட்டேன்."

"கோப்பையே புதுசா வாங்கிடேன்."

"கருவி செஞ்ச கம்பெனி மூடியே வருஷமாச்சு. பழைய ஜாவா கிடைச்சாப் போதும். இங்க நெட்டே வரல, எங்க இறக்குறது?"

சூப்பர்வைசர் சிரித்தார். "உன் மருமக சாதகம் பார்த்து முடிக்கறதுக்குள்ள பொழுது போயிரும்யா. நீ போய் அமுக்கு."

"கோடு ஓடாம அமுக்க மாட்டேன். பெஞ்சுல உட்கார்ந்தது நீங்க இல்ல, நான். அளவாத்தான் மருந்து போட்டிருக்கேன். அதைக் கோடு சொல்லட்டும்."

செத்த கம்ப்யூட்டர் எங்கே என்று அவள் கேட்டாள். ஸ்டோர் கொட்டகையில் சாக்குகளுக்குக் கீழே கிடந்தது. மூடியைக் கழற்றியபோது உள்ளே எலிப்புழுக்கையும் தூசியும் அடையாக இருந்தன. செத்தது மின்பகுதி. கோப்புகள் இருக்கும் ஹார்டு டிஸ்க் வட்டு பிழைத்திருந்தால் அதற்குள் பழைய ஜாவா இருக்கும். துணியால் துடைத்து, பையிலிருந்த கேபிளில் மாட்டினாள். அது கரகரவென்று முனகி, யோசித்து, திறந்தது. ஜாவா இருந்த கோப்புறையை அப்படியே புதியதில் நகல் எடுத்து, நிரலை இனி அதைக்கொண்டு ஓடும்படி மாற்றினாள்.

இந்தத் தடவை பிழை எதுவும் வரவில்லை. திரையின் குறுக்கே பச்சைக் கோடு ஒன்று தட்டையாக நகர ஆரம்பித்தது. அவள் சரிபார்க்கச் சொன்னதும், வீட்டு வரிசைக்குப் பின்னால் பதித்திருந்த அதிர்வு உணரியின் பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்தி நிலத்தில் குதிக்கவைத்தார்கள். கோடு லேசாகத் துள்ளி அடங்கியது. சன்னல் வழியே கையை ஆட்டினாள். மேல்தட்டுக்குத் திரும்பியிருந்த மாமா இரண்டு கைகளையும் தூக்கிக் கும்பிட்டார்.

சங்கு ஊதினார்கள். கீழே சாலையை அடைத்தார்கள். வெடிச்சத்தம் தகரக் கூரையில் மோதுவதற்கு முன்பே நாற்காலியின் காலில் நடுக்கம் ஏறியது. பச்சைக் கோடு எழுந்தது. அனுமதித்த எல்லையாக வரைந்திருந்த சிவப்பைத் தொட்டது. தாண்டியது. ஊசிபோல் நின்று, மெல்லச் சரிந்தது.

சூப்பர்வைசர் அவள் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தார்.

"இப்பத்தான ஒட்டுப்போட்டு ஓடவிட்ட. தப்பாக் காட்டுதும்மா. சரியா இணையலைன்னு எழுதி அழிச்சிடு. மாமனுக்கும் நல்லது."

சரியா இணையலை. அப்படி எழுதினால் யாரும் கேட்க மாட்டார்கள். காலையிலிருந்து அது இணையாததை எல்லோரும் பார்த்தார்கள். ஆனால் கொஞ்ச நேரம் முன்பு ஓர் ஆள் குதித்ததைக்கூட அது சரியாகச் சொல்லியிருந்தது. அவள் மௌசிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

புழுதி வந்து சன்னலை மூடியது. அறை மங்கியது. அதற்குள்ளிருந்து மாமா வந்தார், புருவமெல்லாம் வெள்ளை, முகம் முழுக்கச் சிரிப்பு.

"கோடு விழுந்துச்சா பாப்பா? நம்ம வெடி எப்படி?"

சூப்பர்வைசர் வெளியே பார்த்தார். அவள் எழுந்து, திரையை மாமா பக்கம் திருப்பினாள். கண்ணாடி கொண்டுவரவில்லை என்று முணுமுணுத்தபடி அவர் குனிந்தார். மூக்கு படுமளவு நெருங்கி, திரையில் அப்பியிருந்த தூசியைக் கட்டைவிரலால் துடைத்தார். முதலில் சிவப்புக் கோடு தெரிந்தது. விரல் அதிலிருந்து பச்சைக் கோட்டைத் தொடர்ந்து மெதுவாக மேலே ஏறியது.