உம்மாவுக்கு விருப்பமான மூன்று படங்கள்

புதிய டிவியைச் சுவரில் பொருத்த ஆள் வந்த அன்று சுஹறா அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தாள். கணவனை இழந்து இத்தாவில் இருக்கிற பெண் அந்நிய ஆணின் கண்ணில் படக்கூடாது. கணவர் மக்கீன் மௌத்தாகி இரண்டு மாதம் கடந்திருந்தது. இத்தாக் காலமான நான்கு மாதமும் பத்து நாளும் முடிய இன்னும் பாதி கிடந்தது.

டிவி, கட்டாரில் இருக்கிற மகன் றினாஸின் ஏற்பாடு. "உம்மா வீட்டுக்குள்ளயே அடைஞ்சி கிடக்கிறா, பொழுது போகவேணாமா?" என்று கல்முனைக் கடையொன்றில் சொல்லி மருதமுனைக்கு அனுப்பியிருந்தான். படங்களும் தொடர்களும் கொட்டிக்கிடக்கிற ஏதோவொன்றையும் அதற்குள் போட்டுக்கொடுக்கச் சொல்லியிருந்தான். பொருத்த வந்தவன், "பேரென்ன போடுற?" என்று கேட்டதும், மருமகன் றாஸிக் தன் பெயரைச் சொன்னதும் கதவுக்கு வெளியே கேட்டது. அன்றிலிருந்து டிவியைப் போட்டால் முதலில் வருவது அந்தக் கேள்விதான்: 'றாஸிக், இன்று என்ன பார்க்கப் போகிறீர்கள்?'

மகள் பஸ்லியாவுக்கு மாவடிப்பள்ளியில் படிப்பிக்கிற வேலை. றாஸிக்குக்குப் பிரதேச செயலகத்தில். காலை ஏழு மணிக்கு இரண்டு பேரும் மோட்டார் சைக்கிளில் கிளம்பினால் வீட்டில் சுஹறா மட்டும்தான். யாஸீன் ஓதி முடித்து, வீடு கூட்டி, கறியை இறக்கி வைத்தாலும் பத்து மணிதான் ஆகும்.

முதல் நாள் பத்து மணிக்கு ரிமோட்டைக் கையில் எடுத்தவள், நடுப்பகல் லுஹர் பாங்கு சொல்லும் வரை ஒன்றையும் பார்க்கவில்லை. வரிசை வரிசையாகப் படங்கள். துவக்கோடு ஒருவன். மழையில் ஒருத்தி. முதுகோடு முதுகு சாய்ந்து இரண்டு பேர். திரும்பவும் துவக்கால் குறிபார்க்கிற ஒருவன். ஒன்றில் கொஞ்சம் நின்றால் போதும், அது தானாகவே ஓடத் தொடங்கிவிடும். யாரோ யாரையோ அடிக்கிற சத்தம் வீடு முழுக்க எழும்பும். மௌத்து வீட்டில் இதென்ன சத்தம் என்று பக்கத்து வீட்டார் நினைப்பார்களே என்று பதறி அடுத்ததுக்கு நகர்த்தினால், அங்கே ஒருத்தி குளித்துக்கொண்டிருப்பாள். சுஹறாவுக்கு விரல் நொந்தது. கண் எரிந்தது. டிவியை நிறுத்திவிட்டு, செய்யாத வேலைக்குக் களைத்தவளாக எழுந்து போனாள்.

அடுத்து வந்தது மற்றவர்களின் உதவி.

றினாஸ் வட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினான். "உம்மா, இந்தப் படத்தப் பாருங்க, நல்ல குடும்பப் படம், எங்கட ரூமில எல்லாரும் அழுதம்." போட்டாள். இருபது நிமிஷத்தில் அந்த வீட்டுத் தகப்பன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். மக்கீனும் அப்படித்தான் சாய்ந்தார், கடைக் கல்லாவில். சுஹறா ரிமோட்டை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூடத் தெரியாமல் எல்லாப் பொத்தானையும் அமத்தி அதை நிறுத்தினாள். பஸ்லியா பகிடிப் படமொன்றைச் சொன்னாள். அதில் எல்லோரும் விழுந்து விழுந்து எழும்பினார்கள். சுஹறாவுக்குச் சிரிப்பு வரவில்லை. றாஸிக் பின்னேரங்களில் கொலை வழக்குத் தொடர்களே பார்ப்பதால், 'உங்களுக்குப் பிடிக்கக்கூடும்' என்று டிவியும் தினம் ஐந்தாறு கொலைகளை அடுக்கிவைத்தது.

மக்கீனின் உடன்பிறந்த மூத்த ராத்தா ஆமினா உம்மாவின் வீடு அடுத்த ஒழுங்கையில். அஸர் தொழுதுவிட்டு ஒவ்வொரு நாளும் வந்துவிடுவார். டிவியைக் கண்டதும் முகத்தைச் சுளித்தார்.

"என்ன கா இது சுஹறா? இத்தா இரிக்கிறவளுக்கு இதெல்லாம் என்னத்துக்கு?"

"றினாஸ் அனுப்பினான் மதினி."

"அவன் சின்னப் பொடியன், அவனுக்கென்ன தெரியும்? மௌலவிமார்ர பயான் போட்டுக் கேளு. நல்ல நல்ல பயானெல்லாம் இதில வருது."

பயான் கேட்பதில் சுஹறாவுக்கு ஒரு மனக்குறையும் இல்லை. ஆமினா உம்மா சொன்னபடி போட்டாள். ஆனால் மௌலவி மௌத்தைப் பற்றியும் கப்றுக் குழியைப் பற்றியும் சொல்லச் சொல்ல, அவள் எழும்பிக் குசினிக்குள் போய்விட்டாள். மற்ற நாட்களில் கதிரையிலேயே நித்திரையாகிப்போனாள். அதையும் ஆமினா உம்மா கண்டுவிட்டார்.

சனிக்கிழமை பகல் சோறு தின்றுவிட்டு, பஸ்லியா ரிமோட்டோடு வந்து பக்கத்தில் குந்தினாள்.

"உம்மாக்கெண்டு தனியா ஒரு பேர் போட்டுத் தாறன். அப்ப இவர்ர கொலைக்கேசெல்லாம் உங்களுக்கு வராது." பெயரை ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள். "இப்ப இது கேக்குது, உங்களுக்கு விருப்பமான மூண்டு படம். மூண்ட மட்டும் தெரிவு செஞ்சாக் காணும், மத்ததெல்லாம் அதுவே தரும்."

"மூண்டா?"

"ஓம். சொல்லுங்க."

சுஹறா யோசித்தாள். நினைவுக்கு வந்த படமெல்லாம் மக்கீன் போட்ட படங்கள். கோர்ட்டில் வக்கீல்மார் சத்தம் போடுகிற படங்கள், பொலிஸ்காரன் ஒருவன் எல்லோரையும் அடிக்கிற படங்கள். இருபத்தொன்பது வருஷமாக, கடை பூட்டி வந்து, குளித்து, இஷா தொழுதுவிட்டு அவர் கூப்பிடுவார்: "வா, படம் போடுறன்." அவள் தேத்தண்ணியோடு வந்து குந்தும் வரை தொடங்கமாட்டார். அவ்வளவு பிரியமுள்ள மனிதர்தான். ஆனால் என்ன போடுவது என்று ஒருநாளும் கேட்டதில்லை. பாதியில் அலுத்தால் அவரே மாற்றுவார். அடுத்து என்ன நடந்தது என்று அவள் எத்தனையோ படத்தில் அறிந்ததே இல்லை.

"சொல்லுங்க உம்மா. எப்பிடிப்பட்ட படம் விருப்பம்?"

"எனக்குத் தெரியா."

"அதெப்பிடித் தெரியாமப் போகும்? இவ்வளவு காலமா வாப்பாவோட படம் பாத்தீங்கதானே?"

"அவர் பாத்தார். நான் பக்கத்தில இருந்தன்!" சுஹறாவின் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "உங்கட வாப்பா ஒருக்காவாச்சும் எனக்கிட்டக் கேட்டாரா, ஒனக்கு என்ன புள்ள விருப்பமெண்டு? இப்ப வந்து ஆளாளுக்குக் கேக்குறீங்க. மகன் கேக்குறான், நீ கேக்குறாய், இந்த டிவியும் கேக்குது. எங்கால நான் சொல்லுற?"

பஸ்லியாவின் முகம் சிவந்துபோயிற்று. "வாப்பா மௌத்தாகி மூண்டு மாசமாகல்ல. அவரப் பத்தி இப்பிடிக் கதைக்கிறீங்களே."

ரிமோட்டை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். திரையில் மூன்று வெற்றுக் கட்டங்கள் காத்துக்கொண்டிருந்தன. ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தாயும் மகளும் சாப்பாட்டுக்கு மட்டும்தான் கதைத்தார்கள்.

திங்கட்கிழமை அவர்கள் போனபின் சுஹறா கோபத்தோடுதான் டிவியைப் போட்டாள். கோபம் யார்மேல் என்று அவளுக்கே சரியாகப் பிடிபடவில்லை. மூன்று கட்டத்திலும் கண்ணை மூடிக்கொண்டு எதையோ அமத்தினாள். பிறகு ஒரு முடிவுக்கு வந்தாள். இன்றைக்கு யார் சொன்னதையும் பார்ப்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிஷம். பிடிக்காவிட்டால் அடுத்தது.

பேய் வந்தது, நிறுத்தினாள். கல்யாண வீட்டில் பெண் காணாமற்போனாள், அவள் எங்கே போனாள் என்று அறிய சுஹறாவுக்கு ஆசை வரவில்லை. அரசர் ஒருவர் குதிரையில் போனார், பத்து நிமிஷமாகப் போய்க்கொண்டே இருந்தார். சமையல் போட்டியில் எல்லோரும் அழுதார்கள். கறி வைப்பதற்கு என்னத்துக்கு அழுகை என்று அதையும் விட்டாள். ஏழு கழிந்தது, எட்டுக் கழிந்தது. ஒன்பதாவதை அவள் பார்த்துத் தெரிவு செய்யவில்லை. விரல் வழுகி வேறொரு வரிசையில் பட்டுவிட்டது.

ஒரு சின்ன பேக்கரி. காலை நேரம். மாவு பிசைந்துகொண்டிருந்த பெண் இன்னொருத்தியிடம், "தேத்தண்ணி ஆறிப்போச்சு, அத ஊத்திப்போட்டு வேற போடு" என்றாள். மற்றவள், "ஆறினதே எனக்குக் காணும்" என்றாள். சுஹறா பார்த்துக்கொண்டிருந்தாள். சற்று நேரம் போனபின்தான் அவர்கள் கதைப்பது சிங்களம் என்பது உறைத்தது. கீழே ஓடிய தமிழ் எழுத்தை அவள் வாசிக்கவே இல்லை.

பதினொரு வயது வரை சுஹறா வளர்ந்தது அம்பாறை டவுனில். அவளுடைய வாப்பாவுக்கு அங்கே புடவைக் கடை. இரண்டு பக்கமும் சிங்கள வீடுகள், விளையாட்டுத் தோழிகள் எல்லோரும் அந்தப் பிள்ளைகள்தான். பிறகு குடும்பம் மருதமுனைக்கு வந்துவிட்டது. மக்கீனுக்குச் சிங்களம் சுத்தமாக வராது. அதனால் இந்த வீட்டு டிவியில் அந்தப் பாஷை கேட்டதே இல்லை.

பேக்கரிக்காரிகள் இரண்டு பேரும் சகோதரிகள். மூத்தவளைக் கேட்காமல் இளையவள் புதிய போறணை அடுப்பு ஒன்றுக்குச் சொல்லிவிட்டாள். பழையதை உடைக்க மூத்தவள் விடமாட்டேன் என்கிறாள். தொடரின் முதல் பாகம் முழுக்க அந்தப் போறணைச் சண்டைதான். ஒருவரும் சாகவில்லை, ஒருவரும் துவக்குத் தூக்கவில்லை. சுஹறா இரண்டாம் பாகத்தைப் போட்டாள்.

வாசலில் பஸ்லியாவை இறக்கிவிட்டு றாஸிக் திரும்பிப்போகிற மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டபோது இரண்டேகால் மணி.

"உம்மா, சோறு?" பஸ்லியா குசினியை எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். அடுப்பு பற்றவைக்கப்படவே இல்லை.

"இன்னம் ஆக்கல்ல. இரி, இது முடியட்டும்."

பஸ்லியாவுக்குக் கோபம் வந்தது. பசி வேறு. ஏதோ சொல்ல வாயெடுத்தவள், திரையைப் பார்த்துவிட்டு நின்றாள். "இது சிங்களமெல்லா? உங்களுக்கு விளங்குதா?"

"விளங்கும்."

"எனக்கிட்டச் சொன்னதே இல்லயே!"

"எங்கட வாப்பாட கட அம்பாறயில இருந்ததெண்டு சொல்லியிரிக்கன்தானே. அங்க சின்னப் புள்ளயில கதைச்சது."

பஸ்லியா புத்தகப் பையோடு பக்கத்துக் கதிரையில் குந்தினாள். பாகம் முடிந்ததும் சுஹறா எழும்பினாள். குசினிக்குப் போகிற வழியில் நின்று, "உங்கட வாப்பாவக் குறையாச் சொல்லல்ல மகள்," என்றாள். "அவரப் போல மனிசன் கிடைக்கா. படம் போடத்தான் அவருக்குத் தெரியல்ல."

பஸ்லியா சிரிக்கவில்லை. ஆனால் அரிசி களைந்து கொடுத்தாள்.

அன்று அஸருக்குப் பிறகு ஆமினா உம்மா வந்தபோதும் திரையில் மூத்த சகோதரி மாவு பிசைந்துகொண்டுதான் இருந்தாள். மதினிக்காக இதை நிறுத்துவதா என்று சுஹறா ஒரு கணம் தடுமாறினாள். நிறுத்தவில்லை.

"இதென்ன கா புதுப் பேச்சு?"

"சிங்களம் மதினி. இரிங்க, பயான் பிறகு போடுறன்."

ஆமினா உம்மா தஸ்பீஹ் மணியை உருட்டியபடி, வேண்டாவெறுப்பாகக் குந்தினார். கீழே ஓடுகிற எழுத்து அவர் கண்ணுக்குப் பிடிபடாது. ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது. "அவள் ஏன் கா அழுகிறாள்?" என்றார். சுஹறா சொன்னாள். "இப்ப என்ன சொல்லுறாள்?" சொன்னாள். "அப்ப அவன் ஆரு? புருசனா?" இவர் கேட்டு, அவள் சொல்லி முடிப்பதற்குள் அங்கே இன்னும் நாலு பேச்சு ஓடிவிடும். நிறுத்திச் சொல்வதும் பின்னுக்கு இழுப்பதுமாக அந்த ஒரு பாகம் மஃரிப் வரை போயிற்று. கடைசியில் யார் என்ன சொன்னார்கள் என்று சுஹறாவுக்கே குழம்பிவிட்டது. மனம் ஆறாமலே தொழப் போனாள்.

அடுத்த நாள் மகளும் மருமகனும் போனதும் வேலையெல்லாவற்றையும் ஒன்பது மணிக்கே முடித்து, சோற்றையும் ஆக்கிவைத்துவிட்டுக் குந்தினாள். தனியாக, நிம்மதியாக, நான்காம் பாகம். லொறி ஒன்று பேக்கரி வாசலில் வந்து நின்றது. புதிய போறணைக்குரிய சாமான்களை இறக்கத் தொடங்கினார்கள். மூத்தவள் கதவை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"சுஹறா! கதவத் திற கா!"

ஆமினா உம்மா. நேரம் பத்தரை. கையில் சுடச்சுட உழுந்துவடை.

"பின்னேரம் வர ஏலா, மருமகள்ர வீட்டுக்குப் போக வேணும். அதான் இப்பயே வந்தன்." செருப்பைக் கழற்றிவிட்டு நேரே டிவிக்கு முன்னால் போய்க் குந்தினார். "நேத்து எனக்கு முதல் பாகம் தெரியாததால ஒண்டும் ஒழுங்கா விளங்கல்ல. துடக்கத்திலருந்து போடு."

சுஹறா திரையைப் பார்த்தாள். லொறிக்காரன் மூத்தவளிடம் ஏதோ கெஞ்சிக்கொண்டிருந்தான். அவள் என்ன பதில் சொல்லப்போகிறாள் என்று கேட்க இன்னும் இரண்டு நிமிஷம் கிடைத்தால் போதும்.

"என்ன கா யோசிக்கிறாய்? சத்தத்தயும் கொஞ்சம் கூட்டு."

சுஹறா லொறியை அப்படியே நிறுத்திவிட்டு, முதல் பாகத்தைத் தேடிப் பின்னுக்கு நகர்த்தத் தொடங்கினாள்.