முப்பத்தோராவது சீட்டு

திரையில் ஒன்றுமே இல்லை.

வகுப்பின் பின்பக்கம் சுவரோரமாக ஒன்பது ஆசிரியர்கள் குறிப்பு அட்டையும் பேனாவுமாக நின்றுகொண்டிருந்தார்கள். முன்னால் முப்பத்தொரு பிள்ளைகள். அவர்களுக்கு எதிரே, ஐந்தாம் வகுப்பு இரண்டாம் பிரிவின் ஆசிரியை குவபாரா தன் டேப்லெட்டைத் தட்டினாள். மறுபடி தட்டினாள். திரை பாலாடைபோல வெளுத்துக் கிடந்தது.

"குவபாரா சென்செய், அழகா இருக்கு" என்றார் ஆறாம் வகுப்பு ஆசிரியர் ஓகுரா, பின்னாலிருந்து. அங்கே ஆசிரியர்கள் எல்லோருமே சென்செய்தான். அடுத்த மார்ச்சில் ஓய்வு பெறுகிறவர், யாருக்கும் பயப்படாதவர். "இதை வாங்கினா துடைக்கிற வேலைகூட மிச்சம்."

இரண்டு பேர் இருமுவதுபோலச் சிரித்தார்கள். உதவித் தலைமையாசிரியர் செகாவா சிரிக்கவில்லை. அட்டையில் ஏதோ எழுதினார்.

வெள்ளிக்கிழமைக்குள் பள்ளி ஒரு செயலியைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். பிள்ளைகள் ஆளுக்கொரு டேப்லெட்டில் எழுதி, எல்லோரும் சேர்ந்து ஒரு வேலை செய்வதற்கான செயலி. இரண்டு பெயர்கள் மிஞ்சியிருந்தன. ஹிரோபாவில் வகுப்புக்கு ஒரே பலகை. யார் வேண்டுமானாலும் சீட்டு ஒட்டலாம், நகர்த்தலாம், அழிக்கலாம். ட்சுபாமேயில் அவரவர்க்கு ஒரு கட்டம், ஆசிரியர் மட்டும்தான் அழிக்க முடியும். எந்தப் பிள்ளையின் திரையையும் ஆசிரியர் மேசையிலிருந்தே பார்த்துக்கொண்டிருக்கலாம். செகாவாவுக்கு ட்சுபாமே பிடித்திருந்தது. குவபாரா ஹிரோபாவுக்காக மூன்று வாரமாக வாதாடிக்கொண்டிருந்தாள். ஊருக்குள் ஓடும் ஆற்றைப் பற்றிப் பிள்ளைகள் எழுதிய முப்பத்தொரு சீட்டுகளை இன்று எல்லோருக்கும் காட்டுவதாக ஏற்பாடு. நேற்று மதியம் எண்ணிக்கை முப்பத்தொன்று என்று காட்டியது. கூச்சப்படும் பிள்ளைகளும் எழுதட்டும் என்று பெயர் தெரியாமல் எழுதும் வசதியை அவளே திறந்து விட்டிருந்தாள். ஆளுக்கொன்று, எல்லோரும் எழுதிவிட்டார்கள் என்று மகிழ்ந்து போயிருந்தாள்.

பாடம் வாய்ப்பேச்சிலேயே முடிந்தது. மணி அடித்ததும் செகாவா அவளை ஆலோசனை அறைக்குக் கூப்பிட்டார். அவர் எதைப் பேசுவதற்கு முன்னும் கதவைச் சாத்துகிறவர். சாத்திவிட்டு ஒருமுறை இழுத்தும் பார்த்தார்.

"யார் அழிச்சதுன்னு உங்க செயலி சொல்லுமா, சொல்லாதா?"

"சொல்லும். நிர்வாகிக் கணக்குல போனா தெரியும்."

"நிர்வாகி யாரு?"

"நான்தான்."

"அப்புறம் என்ன யோசனை. பாருங்க."

அவள் பார்த்தாள். அழிக்கப்பட்டவை என்று ஒரு பட்டியல் விரிந்தது. நேரமும் எண்ணும் மட்டும். ஒவ்வொன்றையும் தொட்டால்தான் உள்ளே இருப்பது திறக்கும். முப்பத்தொரு வரிகளிலும் ஒரே கணக்கு எண்: ஐந்து, இரண்டு, பதினெட்டு.

"பதினெட்டு?"

"தொகுரா ரிக்கா."

"செப்டம்பர்ல வந்த பொண்ணு" என்றார் செகாவா. கேள்வியாகக் கேட்கவில்லை.

"வேற யாராவது அவ கணக்குல நுழைஞ்சிருக்கலாம் சென்செய்."

"நுழைஞ்சிருக்கலாம். நேத்து நாள் பொறுப்பு யாரு?"

நாள் பொறுப்பு என்றால் முறைப்படி தினம் ஒரு பிள்ளை கரும்பலகையைத் துடைத்து, ஜன்னல் சாத்தி, வகுப்பின் நாட்குறிப்பேட்டில் அன்று நடந்ததை எழுதி, ஆசிரியர் அறையில் ஆசிரியை மேசையில் வைத்துவிட்டுப் போக வேண்டும். எல்லோரும் போன பிறகும் வகுப்பில் தனியாக இருக்க உரிமையுள்ளது அந்தப் பிள்ளைக்கு மட்டும்தான்.

"அவதான்" என்றாள் குவபாரா.

"நேரத்தைப் பாருங்க. முதல் சீட்டு மூணு நாப்பதுக்கு. அப்புறம் ஒன்றரை நிமிஷத்துக்கு ஒண்ணு. ஒன்றரை நிமிஷத்துக்கு ஒண்ணு. நாலு இருபத்தஞ்சு வரைக்கும்." அவர் விரல் திரையில் கோடு இழுத்தது. "மொத்தமா ஒரே அமுக்குல போயிருந்தா, கை தவறிடுச்சு, சின்னப் பிள்ளைன்னு நானே சொல்வேன். இது முக்கால் மணி நேரம். உக்காந்து, நிதானமா, ஒவ்வொண்ணா. பத்து வயசுப் பிள்ளைக்கு இவ்வளவு பொறுமை எங்கிருந்து வரும்?"

குவபாராவுக்கும் அதே எண்ணம் வந்துவிட்டது. வந்ததே என்று உடனே சங்கடப்பட்டாள். ஆனால் வந்தது வந்ததுதான்.

"திருப்பி எடுத்துடலாம் சென்செய். ஒரு பொத்தான்தான்."

"தொடாதீங்க. விசாரிச்சு முடியிற வரைக்கும் இருக்கிறது இருக்கிறபடியே இருக்கட்டும். நீங்க தொட்டா, நீங்கதான் மாத்தினீங்கன்னு நாளைக்கு ஒருத்தர் சொல்வார்."

மதியச் சாப்பாடு முடிந்து ரிக்காவைக் கூப்பிட்டார்கள். ஒல்லியான பெண். உட்காரச் சொன்னதும் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். அவளுடைய பழைய பள்ளியிலிருந்து வந்த தாளில் ஒரு வரி இருந்தது: சக மாணவர்களோடு பிரச்சினை, காரணம் தெளிவாகவில்லை. தாளைப் படித்தவர்கள் இரண்டே பேர். இரண்டு பேரும் அறையில் இருந்தார்கள்.

"ரிக்கா-சான், ஏன் இப்படிப் பண்ணினே?" என்று, மரியாதைச் சொல்லான சான் சேர்த்தே, குவபாரா கேட்டாள்.

ரிக்கா நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"யார் மேலயாவது கோபமா?"

தலை மட்டும் இல்லை என்று அசைந்தது. பிறகு மெதுவாக, "சென்செய், நாட்குறிப்பேடு பாத்தீங்களா?"

"பேச்சை மாத்தாதே" என்றார் செகாவா. "கேட்டதுக்குப் பதில் சொல்லு."

அவள் வாயை மூடிக்கொண்டாள். அதற்கப்புறம் திறக்கவேயில்லை. செகாவா அன்றே அவள் அம்மாவுக்குத் தொலைபேசியில் பேசி, நாளை நான்கு மணிக்கு வரச் சொன்னார். வைத்துவிட்டு, "அந்தம்மா என்ன விஷயம்னு கேக்கலை" என்றார். "'மறுபடியுமா'ன்னு மட்டும் கேட்டாங்க. அதுவே ஒரு பதில் மாதிரி இல்லையா?"

மாலையில் வகுப்பின் முடிவுக் கூட்டம். அன்றைய நல்லது கெட்டதைப் பிள்ளைகளே எழுந்து சொல்லும் நேரம். ஒரு பையன் எழுந்தான்.

"நேத்து நாள் பொறுப்பு சரியா நடக்கல. அதனால ரிக்கா-சான் மறுபடியும் பொறுப்பு பாக்கணும். விதி அப்படித்தான்."

"எனக்கும் அதேதான்" என்றது ஒரு குரல். இன்னொன்று, இன்னொன்று.

வகுப்புத் தலைவி சுமிரே எழுந்தாள். ரிக்கா வந்த முதல் நாள் அவள் காலணிப் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளி முழுக்கச் சுற்றிக் காட்டியவள் இவள்தான். "நாம யாரையும் சந்தேகப்படக் கூடாது" என்றாள். "ரிக்கா-சான் தெரியாம செஞ்சிருக்கலாம். புதுசா வந்தவங்களுக்கு நம்ம பழக்கம் தெரியாது. நாமதான் பொறுத்துக்கணும்."

எவ்வளவு பக்குவம் என்று குவபாரா நினைத்தாள். கரும்பலகையின் வலது ஓரத்தில் நாள் பொறுப்பு என்ற எழுத்துக்குக் கீழே தொகுரா என்ற பெயர் அழியாமல் நின்றது. அவள் அதைத் தொடவில்லை.

ஐந்து மணிக்கு ஆசிரியர் அறையில் தன் மேசைக்கு வந்தாள். செயலி நிறுவனங்கள் அனுப்பிய கையேடுகள் ஒரு முழம் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. ஹிரோபாவை விட்டுவிடுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிடலாம் என்று படிவத்தைத் தேடினாள். கையேடுகளுக்கு அடியில் நீல அட்டை தட்டுப்பட்டது. நாட்குறிப்பேடு. கடைசியாக முத்திரை வைத்தது போன வாரம் வியாழக்கிழமை. ஆசிரியை தினமும் படித்து, ஒரு வரி எழுதி, முத்திரை வைத்துத் திருப்பித் தர வேண்டிய புத்தகம். காலையில் தராவிட்டால் பிள்ளைகளே வந்து எடுத்துப் போவார்கள், எழுதி மறுபடி வைப்பார்கள். இன்று மட்டும் யாரும் எடுக்க வரவில்லை. மூன்று பக்கம் வெறும் கட்டத்தோடு காத்திருந்தன.

நேற்றைய செவ்வாய்க்கிழமைப் பக்கத்தைத் திறந்தாள்.

வானிலை: மேகம். வராதவர்: இல்லை. அதற்குக் கீழே, கோடுகளுக்குள் அடங்காமல், ஓரத்தில் ஏறி, அடுத்த பக்கத்துக்கும் போய், பென்சிலில் பொடிப் பொடியாக:

"பலகையில் இருந்தவை. 1. ஆயு மீன் ஏறுவதற்கு அணையில் படி கட்டியிருக்கிறார்கள், ஆனால் கொக்கும் அந்தப் படியில்தான் காத்திருக்கிறது. 2. எங்கள் தாத்தா வெள்ளத்தில் டிராக்டரை விட்டுவிட்டார்..."

குவபாரா நின்றபடியே படித்தாள். ஒன்றரை நிமிடத்துக்கு ஒன்று. ஒரு சீட்டைப் பார்த்து எழுதி, அதை அழித்து, அடுத்ததைப் பார்த்து எழுதி. கடைசியில், "எல்லாம் இங்கே உள்ளன. நாளை இதைப் பார்த்து வாசிக்கலாம்" என்று எழுதியிருந்தது.

எண் முப்பதோடு நின்றிருந்தது.

மறுபடி எண்ணினாள். முப்பதுதான். டேப்லெட்டைத் திறந்து பட்டியலைப் பார்த்தாள். முப்பத்தொன்று. முதலில் அழிந்தது மூன்று நாற்பதுக்கு. பலகையைத் திறந்த அதே நிமிடம். அதை மட்டும் ரிக்கா எழுதி வைக்கவில்லை.

செகாவா தொடாதே என்றிருந்தார். தொட்டாள்.

"ஆற்றில் குப்பை போடக் கூடாது. நம் வகுப்பிலும் செப்டம்பரில் ஒரு குப்பை வந்து விழுந்திருக்கிறது. யார் பொறுக்குவது?"

கீழே, படித்தவர்கள் போட்டுவிட்டுப் போன ஆறு சிரிப்பு முகங்கள்.

மறுநாள் காலை, முதல் மணிக்கு முன், காலணி அலமாரிக்குப் பக்கத்தில் ரிக்காவைப் பிடித்தாள். இம்முறை ஆலோசனை அறைக்குக் கூட்டிப் போகவில்லை. படிக்கட்டிலேயே பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நாட்குறிப்பேடு பாத்தேன்" என்றாள். "நேத்து நீ கேட்டப்போ பாத்திருக்கல."

ரிக்கா காலணியின் நாடாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்க தினமும் பாப்பீங்கன்னு நெனச்சேன்."

"உன்னோட சீட்டு எது?"

"நான் எழுதல. எழுதலாம்னு போனப்போதான் அதைப் பாத்தேன்."

"அதை மட்டும் அழிச்சிருக்கலாமே."

"ஒண்ணு மட்டும் இல்லைன்னா எது இல்லைன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிரும், சென்செய். நான் பாத்துட்டேன்னும் தெரிஞ்சிரும்." நாடாவை இழுத்து முடிந்துகொண்டே, "பலகையைத் துடைக்கிறது பொறுப்புல இருக்கிறவங்க வேலைதானே. எல்லாத்தையும் துடைச்சா வேலை. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்கன்னு நெனச்சேன். ஆனா மத்தவங்க எழுதினது வீணாகக் கூடாதுல்ல."

"யாரு எழுதினதுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது." பிறகு சொன்னாள்: "தெரியாததுதான் கஷ்டமா இருக்கு. யார் சிரிச்சாலும் அவங்களோன்னு தோணுது."

இரண்டாம் மணி இடைவேளையில் குவபாரா நாட்குறிப்பேட்டையும் டேப்லெட்டையும் செகாவாவின் முன் வைத்தாள். அவர் கதவைச் சாத்தினார், இழுத்துப் பார்த்தார், படித்தார். சீட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணினார். அவளை நம்பவில்லை என்பதால் அல்ல, அவர் எதையும் எண்ணுகிறவர்.

"இதை அவளே இப்ப உக்காந்து எழுதியிருக்கலாமே?"

"செவ்வாய்க்கிழமையில இருந்து என் மேசையிலதான் இருந்திருக்கு சென்செய். கையேடுகளுக்கு அடியில. நான்தான் மூணு பக்கமா திறக்கல."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "ட்சுபாமேயா இருந்திருந்தா இந்தத் தொல்லையே இல்ல. பிள்ளைங்க அழிக்க முடியாது."

"அழிச்சிருக்க முடியாது" என்றாள் குவபாரா. "நேத்து காலைல ஒன்பது ஆசிரியருக்கும் முப்பது பிள்ளைங்களுக்கும் முன்னால, பெரிய திரையில, அந்தச் சீட்டு நின்னிருக்கும். அவ கீழ உக்காந்து பாத்துட்டு இருந்திருப்பா."

செகாவா கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, "பேர் தெரியாம எழுத விட்டது யாரு?" என்றார்.

"நான்."

"எழுதினது யாருன்னு பாத்தீங்களா?"

"இன்னும் இல்ல."

"பதினெட்டுன்னு பாக்க அஞ்சு நிமிஷம்கூட ஆகல நமக்கு."

அவர் நமக்கு என்று சொன்னதை அவள் கவனித்தாள். சீட்டின் விவரத்தைத் திறந்தாள். செவ்வாய், மதியம் ஒன்று பத்து. ஐந்து, இரண்டு, இருபத்தாறு.

இருவரும் அந்த எண்ணைப் பார்த்தார்கள். பெயர்ப் பட்டியலை எடுக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. வகுப்புத் தலைவியின் எண் யாருக்கும் தெரியும்.

"சுமிரேவா" என்றார் செகாவா, முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்தி. "அந்தப் பொண்ணு மேல எனக்குச் சந்தேகமே வந்ததில்லையே."

"எனக்கும்தான்."

"அவ கணக்குல வேற யாராவது நுழைஞ்சிருக்கலாம்" என்றார். சொன்ன பிறகு, நேற்று இதே வார்த்தையை அவள் சொன்னபோது தான் என்ன செய்தோம் என்பது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். மேசை மேல் இருந்த பேனாவை எடுத்து நேராக வைத்தார்.

"ரிக்காவோட அம்மாவை வர வேண்டாம்னு சொல்லிடவா?" என்று குவபாரா கேட்டாள்.

"வரட்டும். மன்னிப்புக் கேக்க வேண்டியது நாம. தொலைபேசியில கேட்டா நல்லா இருக்காது."

படிவம் அவள் கையில் இருந்தது. தேர்வு செய்யப்பட்ட செயலி என்ற கட்டத்தில் ஹிரோபா என்று எழுதினாள். பெயரின்றி எழுதும் வசதி: வேண்டாம். மாணவர் அழிக்கும் வசதி: வேண்டும். அதற்கடுத்து காரணம் என்று ஒரு நீளமான கட்டம் இருந்தது. எழுதினாள். செகாவா தலைகீழாகவே படித்தார்.

"'பலகையை ஆசிரியர் தினமும் தானே படிக்க வேண்டும்.' இது செயலியைப் பத்தி இல்லையே."

"இல்ல."

"தலைமையாசிரியர் கேப்பார்."

"கேக்கட்டும்."

செகாவா முத்திரையை எடுத்தார். வைப்பதற்கு முன் படிவத்தை முதல் வரியிலிருந்து மறுபடி படித்தார். வைத்தார். குவபாரா தன் முத்திரையை நாட்குறிப்பேட்டின் மூன்று பக்கங்களிலும் வைத்தாள். செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில் ஆசிரியர் குறிப்பு என்ற கட்டம் முழுக்கப் பென்சில் எழுத்து ஏறியிருந்ததால், அட்டையின் உள்பக்கத்தில் எழுத வேண்டியதாயிற்று.

அன்றைய முடிவுக் கூட்டத்தில் அவள் நீலப் புத்தகத்தைத் திறந்து முப்பது சீட்டுகளையும் சத்தமாக வாசித்தாள். கொக்கு வந்தபோது யாரோ சிரித்தார்கள். தாத்தாவின் டிராக்டர் வந்தபோது அதை எழுதிய பையனின் காது சிவந்தது. "இது எல்லாத்தையும் கையால எழுதிவச்சது ரிக்கா-சான்" என்றாள். "நாள் பொறுப்பு சரியாத்தான் நடந்திருக்கு. நான்தான் பாக்கல." பிறகு கரும்பலகையின் ஓரத்தில் இருந்த தொகுரா என்ற பெயரைத் துடைத்துவிட்டு, பத்தொன்பதாம் எண்ணின் பெயரை எழுதினாள்.

சுமிரே கை தூக்கினாள். "சென்செய், முப்பதுதான் வாசிச்சீங்க."

ரிக்கா தன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு பேர் வேறெங்கோ பார்த்தார்கள். சிரிப்பு முகம் போட்ட அந்த ஆறு பேர் யார் என்று குவபாராவுக்குப் புரிந்தது.

"ஆமா" என்றாள். "எல்லாரும் கிளம்பலாம். சுமிரே-சான், நீ மட்டும் கொஞ்சம் இரு."

நாற்காலிகள் மேசை மேல் ஏறின. காலடிச் சத்தம் தாழ்வாரத்தில் தேய்ந்தது. சுமிரே முதுகுப் பையின் பட்டையைப் பிடித்தபடி நின்றாள்.

"நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா, சென்செய்?"

"தெரியாது" என்றாள் குவபாரா. ஒரு நாற்காலியை இறக்கி அவளுக்குப் போட்டாள், இன்னொன்றைத் தனக்கு. "உன் எண் மட்டும் தெரியும். மத்ததை நீ சொல்லு. கேட்டுட்டுத்தான் முடிவு பண்ணுவேன்."