சிவப்புச் சட்டைக்காரி எந்த வார்டு?

விந்தார்த்தி வாலிபாலில் ஒரு பைனல்கூட ஆடியதில்லை. ஆடத் தெரியாமல் இல்லை. இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில் பள்ளிக்கூடம் படித்த காலத்தில் மாவட்ட அணிக்கே செட்டர், அடிக்கிறவளுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவள், அவள்தான். பட்டாளத்துக்காரனைக் கட்டிக்கொண்டாள், அவ்வளவுதான் அவள் செய்த பாவம். பதினெட்டு வருஷத்தில் ஆறு ஊர். போகிற ஊரிலெல்லாம் நாலு பெண்களைச் சேர்ப்பாள், வலை கட்டுவாள், கை பழக்குவாள். அணி ஜெயித்து ஜெயித்து மேலே வரும் நேரம் பார்த்து, புருஷன் புர்னோமோ ஒரு காகிதத்தோடு வாசலில் வந்து நிற்பான். அவன் வாயைத் திறக்கவே வேண்டாம், இவள் பெட்டி கட்ட எழுந்துவிடுவாள். சுராபாயாவில் அரையிறுதி முடிந்த மறுநாள் லாரி ஏறினாள். அவள் இல்லாமல் அந்த அணி கோப்பை வாங்கிய போட்டோவை வாட்ஸப்பில் அனுப்பி வைத்தார்கள், பாவிகள். அதற்குக் கீழே இதயம் பொம்மை வேறு.

ஏழாவது ஊர், ஃப்ளோரஸ் தீவில் மௌமேரே. சுராபாயாவில் ஒரு சந்தைக்கு வருகிற கூட்டம்தான் இங்கே ஊர் மொத்தமும். விந்தார்த்திக்கு வயது முப்பத்தொன்பது.

"இந்த முட்டி இன்னும் ரெண்டு வருஷம் தாங்கினா பெருசு. அதுக்குள்ள ஒரு பைனல். ஒண்ணே ஒண்ணு போதும்ங்க" என்றாள் புருஷனிடம்.

"ஆர்டரை என்னமோ நான் எழுதுற மாதிரி என்கிட்ட கேக்குற" என்றான் அவன்.

வந்திறங்கிய அன்று சாயங்காலமே பக்கத்து வீட்டுத் திருமதி சுர்யாடி தேநீரோடு வந்தாள். அவளுக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். பட்டாளக் குடியிருப்பில் யார் அதைக் கேட்டார்கள்? அங்கே பெண்டாட்டிகளுக்கெல்லாம் புருஷன் பெயர்தான்.

"பெரிய ஊர்லேர்ந்து வர்றீங்க, சொல்றதைக் கேட்டுக்குங்க" என்று அவள் விரலை மடக்கினாள். "சாமானை முழுசா பிரிக்காதீங்க, பாதி பெட்டியிலயே கிடக்கட்டும். அரிசி, காய் எல்லாம் நம்ம கூட்டுறவுக் கடையிலயே வாங்கிக்குங்க. ஊர்க்காரங்ககிட்ட ரொம்ப ஒட்டாதீங்க. சின்ன ஊரு, இங்க தும்மினா அந்தத் தெருவுல சாவுன்னு சொல்லிடுவாங்க. அதைவிட முக்கியம், அடையாள அட்டையை இந்த ஊருக்கு மாத்தவே மாத்தாதீங்க. மாத்தினா அடுத்த மாசமே டிரான்ஸ்ஃபர். உங்களுக்கு முன்னாடி இந்த வீட்டுல இருந்தவங்க அப்படித்தான் பப்புவா காட்டுக்குப் போனாங்க."

விந்தார்த்தி நன்றாகத் தலையை ஆட்டினாள். அந்த நாலில் ஒன்றைக்கூட அவள் கேட்கவில்லை என்பது வேறு கதை. வேறு கதை என்ன வேறு கதை, இந்தக் கதையே அதுதான்.

இரண்டாவது சனிக்கிழமை வலை தேடிக் கிளம்பினாள். குடியிருப்பு வொலோபாரா வார்டின் ஓரத்தில் இருந்தது. வார்டுப் பெண்கள் மாதா கோயிலுக்குப் பின்னால் வாலிபால் ஆடுவதாகக் கூட்டுறவுக் கடைக்காரன் சொல்லியிருந்தான். முக்காட்டை இறுக்கிக் கட்டி, சுராபாயாவில் ஆடிய சிவப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டாள். முதுகில் கொட்டையாக ஏழாம் நம்பர். கோயிலைத் தாண்டியதும் ஒரு வீட்டில் பந்தல், வரிசையாக நாற்காலி, கொல்லைப்புறத்தில் புகை, முப்பது நாற்பது பெண்கள். அடேயப்பா, போட்டிக்கு வருகிறவர்களுக்குச் சாப்பாடே போடுகிறார்கள் என்று மகிழ்ந்துபோய் நேரே கொல்லைக்குள் நுழைந்துவிட்டாள்.

"என்னம்மா, நின்னுட்டே இருக்க? கை சும்மாதானே இருக்கு?" என்று ஒரு பெரிய உடம்புக்காரி கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்காமல் தேங்காய் துருவியை இவள் காலடியில் தள்ளினாள்.

பட்டாளத்து வீட்டுப் பழக்கம், வேலை சொன்னால் முதலில் செய்துவிட்டுத்தான் கேள்வி கேட்பது. உட்கார்ந்தாள். துருவினாள். பத்து, இருபது, முப்பது தேங்காய். நாற்பதாவதை முடித்துத் தோளைத் தேய்த்துக்கொண்டு பெரிய உடம்புக்காரியிடம் கேட்டாள்.

"அக்கா, மேட்ச் எத்தனை மணிக்கு ஆரம்பிக்கும்?"

கொல்லையே அமைதியாகிவிட்டது. "என்ன மேட்ச்?" என்றாள் அவள். அந்த அமைதியில்தான் முன்கட்டிலிருந்து ஒப்பாரி கேட்டது. விந்தார்த்தி சுற்றிப் பார்த்தாள். அத்தனை பேரும் கறுப்பு. இவள் ஒருத்தி மட்டும் மிளகாய்ப்பழம்.

"ஐயையோ!" என்று எழுந்தாள். பூமி பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது. அந்தப் பெரிய உடம்புக்காரி, பெயர் யோசஃபீனா, சந்தையில் மீன் விற்பவள், இவளுடைய முக்காட்டையும் ஏழாம் நம்பரையும் மூக்கில் ஒட்டிய தேங்காய்ப் பூவையும் மாறி மாறிப் பார்த்தாள். பார்த்தவள் தோள்துணியை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. துக்கம் தாங்கவில்லை போலிருக்கிறது என்று முன்கட்டிலிருந்து ஒருத்தர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"உட்காருடி. செத்தவளுக்கு எண்பத்தாறு வயசு, நிறைஞ்ச சாவு. இருந்திருந்தா அவதான் முதல்ல சிரிச்சிருப்பா" என்று யோசஃபீனா தன் கறுப்புத் துணியில் ஒன்றை எடுத்து இவள் தோளில் சுற்றிவிட்டாள். "பன்னிக்கறி அடுப்பு அந்தப் பக்கம், நீ அங்க போகாதே. உங்க ஆளுங்களுக்குத் தனியா இந்தப் பக்கம் அடுப்பு இருக்கு. கோழியைப் பள்ளிவாசல் தெருக்காரரே வந்து அறுத்துக் கொடுத்துட்டாரு. சாப்பிடாம போகக்கூடாது."

விந்தார்த்தி அடக்கம் முடியும்வரை இருந்தாள். வெட்கம் ஒரு பக்கம் இருக்கட்டும், யார் எவர் என்று கேட்காமல் சோறு போட்ட வீடு அல்லவா? மூன்றாம் நாளும் தானாகவே போய்ப் பானை கழுவிக் கொடுத்தாள். கழுவிக்கொண்டே மெல்லக் கேட்டாள், "இங்க வாலிபால் டீம் இருக்காமே?"

"இருக்கே. கேப்டன் முன்னாடிதான் உட்கார்ந்து பானை கழுவிட்டிருக்க" என்றாள் யோசஃபீனா.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவர்கள் வலை கட்டினார்கள். விந்தார்த்தி இரண்டு கை விரல் நுனியால் பந்தைத் தூக்கி வைத்தாள். யோசஃபீனா எம்பி ஒரு அடி அடித்தாள். பந்து தரையில் மோதி, சாமியார் வளர்த்த வாத்துகளைச் சிதறடித்து, வேலியைத் தாண்டிப் போய் விழுந்தது.

"அடிப்பாவி! இத்தனை வருஷமா எங்கடி இருந்த நீ?" என்று யோசஃபீனா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் பதினேழு, இந்தோனேசியச் சுதந்திர தினத்துக்கு வார்டுகளுக்கிடையே போட்டி. வார்டு முகவரியில் அடையாள அட்டை இருந்தால்தான் களத்தில் இறங்கலாம். வெளியூரிலிருந்து கூலிக்கு ஆட்டக்காரிகளைக் கொண்டுவந்து இறக்கும் வேலை முன்பு நடந்ததால் வந்த விதி. அட்டையை மாற்றுவதென்றால் குடும்ப அட்டையும் மாற வேண்டும், புருஷன் கையெழுத்து வேண்டும். புர்னோமோ பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தான்.

"சுர்யாடி சொல்றதுல ஏதாவது இருந்து தொலைச்சா? பப்புவாவுல மலேரியாடி."

"ஏங்க, துப்பாக்கிக்குப் பயப்படாத மனுஷன் ஒரு அட்டைக்கு இப்படி நடுங்குறீங்களே! ஆறு ஊர்ல மாத்தாமதானே இருந்தோம்? ஆர்டர் வராமலா போச்சு?"

அவன் கூரையிலிருந்து கண்ணை இறக்கினான். கையெழுத்துப் போட்டான். திருமதி சுர்யாடி சேதி கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

அட்டை கைக்கு வந்து பத்தாம் நாள் போட்டி தொடங்கியது. வொலோபாரா முதல் ஆட்டம் ஜெயித்தது, இரண்டாவது ஜெயித்தது. தினமும் புர்னோமோ வேலை முடிந்து வரும்போது விந்தார்த்தியின் கண் முதலில் அவன் கைக்குத்தான் போகும். அரையிறுதியும் ஜெயித்தார்கள். மறுநாள் மாலை அவன் வாசலில் வந்து நின்றான். கையில் காகிதம்.

விந்தார்த்தி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எங்க?" என்று கேட்டாள்.

"எங்கயா? மைதானத்துக்குத்தான். லீவு சீட்டுடி இது! என் பொண்டாட்டி பைனல் ஆடுறா, நான் வேலைக்கா போவேன்?"

அவள் பக்கத்தில் கிடந்த துடைப்பத்தை எடுத்து அவன் மேல் எறிந்தாள். பிறகு அழுதாள்.

பைனல் பக்கத்து வார்டான வைகாராவோடு. அவர்கள் கேப்டன் க்ளோத்தில்டா, பள்ளிக்கூட வாத்தியாரம்மா, குரலுக்கு மைக் தேவையில்லை. இரண்டு அணியும் களத்தில் இறங்கியதும் அவள் நேரே போட்டிக் கமிட்டித் தலைவர் கஸ்பார் ஐயாவின் மேசைக்குப் போனாள்.

"ஐயா, அந்த முக்காட்டுக்காரி கூலிக்கு வந்த ஆளு! அட்டையில மைகூட இன்னும் காயலை. பட்டாளத்து வீடு ஐயா, இன்னிக்கு இங்க, நாளைக்கு எந்தத் தீவோ! இவ வொலோபாரான்னு யார் சொன்னது?"

"அட்டை இருக்கும்மா..."

"அட்டை யாருக்குத்தான் கிடைக்காது? ஆளு வார்டு ஆளான்னு கேக்குறேன்!"

கூட்டம் இரண்டுபட்டுக் கத்தியது. கஸ்பார் ஐயா நல்ல மனுஷர், ஆனால் முதுகெலும்பு கொஞ்சம் இளகல். விசாரித்து முடிக்கும்வரை விந்தார்த்தி வெளியே உட்காரட்டும் என்றார். வெளியே உட்கார்ந்தாள். ஆறு ஊர் தாண்டி வந்து, கோட்டுக்கு ஒரு முழம் தள்ளி. முதல் செட் இருபத்தைந்துக்குப் பதினொன்று, தோல்வி.

செட் முடிந்ததும் யோசஃபீனா வியர்வையைத் துடைக்கக்கூட நிற்காமல் மேசைக்கு வந்தாள்.

"ஏண்டி க்ளோத்தில்டா, உன் மாமியார் சாவு எங்க வார்டுலதானே நடந்துச்சு? தேங்காய்ப்பால் குழம்பு ரெண்டு தட்டு வாங்கிச் சாப்பிட்டியே, அந்தத் தேங்காயைத் துருவினது யாரு தெரியுமா?"

"யாரு?"

"சிவப்புச் சட்டைக்காரி!"

சிவப்புச் சட்டைக்காரி கதை மௌமேரே முழுக்கத் தெரியும். வாய் மாறி வாய் மாறி அவள் குடித்துவிட்டு வந்த போலீஸ்காரி என்றும், வழி தப்பிய கன்னியாஸ்திரி என்றும் ஆகியிருந்தாள். முன்கட்டில் சவத்தோடு உட்கார்ந்திருந்த க்ளோத்தில்டா அவள் முகத்தைப் பார்த்ததில்லை. இப்போது திரும்பிப் பார்த்தாள்.

"அது நீயா?"

"நான்தான் அக்கா. சத்தியமா தெரியாம வந்துட்டேன். மன்னிச்சிடுங்க" என்றாள் விந்தார்த்தி.

"மூணாம் நாள் யாரோ வந்து பானையெல்லாம் கழுவிக் கவுத்துட்டுப் போனதாச் சொன்னாங்களே..."

"அதுவும் நான்தான்."

க்ளோத்தில்டா தாழ்ந்த குரலில் பேசி ஊர் கேட்டது அன்றைக்குத்தான். "என் நாத்தனாருங்க மூணு பேர் இருக்காளுங்க. மூணாம் நாள் ஒருத்தி எட்டிப் பாக்கலை" என்றாள். பிறகு மேசையில் ஒரு தட்டுத் தட்டினாள். "ஐயா, இவ வொலோபாராதான். நானே சாட்சி. இறக்குங்க களத்துல." விந்தார்த்தியின் பக்கம் திரும்பி விரலை ஆட்டினாள். "ஆனா ஒண்ணு. இன்னிக்கு உன்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவேன், தெரிஞ்சுக்க!"

"பண்ணுங்க அக்கா!" என்று விந்தார்த்தி கோட்டைத் தாண்டி உள்ளே குதித்தாள்.

அப்புறம் நடந்ததை மௌமேரே இன்னும் பேசுகிறது. இரண்டாவது செட் வொலோபாராவுக்கு. மூன்றாவது பதினைந்து புள்ளி ஆட்டம். பட்டாளத்து மனைவியர் சங்கத்தின் பச்சைச் சீருடையில் குடியிருப்புப் பெண்கள் ஒரு வரிசையாக வந்து நின்றார்கள். ஊர்க்காரர்களோடு ஒட்டாதே என்ற திருமதி சுர்யாடி, முன்பின் தெரியாத ஒரு சந்தைக்காரியின் தோளைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு "அடி! அடி!" என்று அலறினாள். க்ளோத்தில்டாவும் சும்மா விடவில்லை. சொன்னபடி இடியாக அடித்தாள். ஒரு பந்து விந்தார்த்தியின் தோளைச் சிவக்க வைத்தது. பதிமூன்றுக்குப் பதிமூன்று. வொலோபாரா பதினான்கு. இன்னும் ஒன்றுதான்.

வொலோபாரா சர்வீஸ் போட்டது, வைகாரா அதை எடுத்துத் திருப்பி அடித்தது. பின்வரிசையில் ஒருத்தி அதைத் தூக்கிவிட, பந்து விந்தார்த்தியை நோக்கி உயர்ந்து வந்தது. "எனக்கு! எனக்கு!" என்று யோசஃபீனா ஓடிவந்து எம்பினாள். க்ளோத்தில்டாவும் இன்னொருத்தியும் அவளைத் தடுக்க இரண்டு பனைமரமாக எழுந்தார்கள். விந்தார்த்தி இரண்டு கையையும் தூக்கினாள். பதினெட்டு வருஷமாக அவள் அடுத்தவள் அடிக்கத்தான் பந்தைத் தூக்கிக் கொடுத்திருக்கிறாள். இன்றைக்கு ஒரு கையைக் கீழே விட்டாள், இடது கையால் லேசாக ஒரு தட்டு. பந்து வலைமேல் வழுக்கி, யாரும் இல்லாத இடத்தில் தொப்பென்று விழுந்தது.

மைதானம் வெடித்தது. யோசஃபீனா அவளை இடுப்போடு தூக்கிச் சுற்றினாள். புர்னோமோ வேலியில் கால்சட்டை கிழிந்ததுகூடத் தெரியாமல் தாண்டி ஓடிவந்தான். விந்தார்த்தி சிரித்தாள், அழுதாள், முட்டியைப் பிடித்துக்கொண்டு நொண்டியபடியே ஆடினாள். ஜெயித்துவிட்டாள், கடைசிப் பந்துவரை நின்று ஜெயித்துவிட்டாள்!

கூட்டத்தைப் பிளந்துகொண்டு க்ளோத்தில்டா வந்தாள்.

"திருட்டுக் கழுதை! கடைசிப் பந்துல ஏமாத்திட்டியேடி. அடுத்த வருஷம் கோப்பை எங்களுக்குத்தான். வருவியா? இருப்பியா?"

அடுத்த வருஷம் என்று யாராவது கேட்டால் பட்டாளத்து வீட்டில் ஒரே பதில்தான்: பார்க்கலாம், ஆர்டர் எப்படியோ. அதைச் சொல்லத்தான் புர்னோமோ வாயைத் திறந்தான். விந்தார்த்தி அவன் காலை நறுக்கென்று மிதித்தாள்.

"வருவேன் அக்கா! எந்தத் தீவுல கொண்டுபோய்ப் போட்டாலும் கப்பல் ஏறி வருவேன். நான் வொலோபாராக்காரி!"