பாக்கி யாருமில்லை

கரிக்லியாவின் ஒரு வார்த்தையை நம்பித்தான் அந்தக் கிரேக்கத் தீவிலிருந்து படகு கிளம்பியது. "எல்லாரும் ஏறியாச்சு, கேப்டன்!" என்று மடிக்கணினியைத் தூக்கிக் காட்டினாள். திரையில் 'பாக்கி' என்பதற்கு எதிரே யாருமில்லை. பைன் காட்டுத் தீ மலையிலிருந்து ஊருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கேப்டன் படகின் சாய்தளத்தை ஏற்றச் சொன்னார்.

அன்று காலையில்தான், ஊராட்சிப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பைத்தான் என்ற கணினி மொழியில் அவசரமாக எழுதிய நிரல் அது. டிக்‌ஷனரி என்பார்கள்: ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு குறிப்பு. முதலில் எல்லோருக்கும் 'பாக்கி'. படகுத்துறையில் வந்து பெயரைச் சொன்னதும் அதை 'ஏறியாச்சு' என்று மாற்றிவிடலாம். பட்டியலில் ஒவ்வொருவருடைய அப்பா பெயரும் இருந்தது. அதையெல்லாம் யார் தட்டிக்கொண்டிருப்பது என்று விட்டுவிட்டாள்.

படகு அரை மணி நேரம் ஓடியிருக்கும். ஊரே குட்டையன் என்று கூப்பிடும் மீன்காரர் மூச்சு வாங்க வந்து நின்றார்.

"ஏம்மா, தேனீக்காரன் எங்க? மேல்தளம் கீழ்த்தளம் எல்லாம் பாத்துட்டேன். கக்கூஸ் கதவையும் தட்டினேன், உள்ள இருந்து பாதிரியார் திட்டுறாரு."

"இங்கதான் எங்கயாவது இருப்பாரு மாமா. பாக்கி ஒருத்தரும் இல்லியே. அவர் முழுப் பேர் என்ன, பாத்துச் சொல்றேன்."

"எம் பேருதான். அர்கிரிஸ் மவ்ரேலிஸ். ஒரே தாத்தாவோட பேரனுங்க ரெண்டு பேரும், வேற என்ன பேரு வைப்பாங்க?"

கரிக்லியா மடிக்கணினியைத் திறந்தாள். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்காவிட்டால் அந்தத் தீவில் கிழவர்கள் சாகும்வரை மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். மகன்கள் நாலு பேர் என்றால் ஒரே பெயரில் நாலு பேரன்கள். அப்புறம் ஆளுக்கொரு பட்டப்பெயர் வைத்து ஊர் சமாளித்துக்கொள்ளும். பிறந்ததிலிருந்து தேனீக்காரர் கொடுத்த தேனைத் தின்று வளர்ந்தவள், அவருடைய பெயரை ஒருநாளும் கேட்டதில்லை.

ஊராட்சிப் பட்டியலில் நூற்று அறுபத்து நாலு வரிகள். டிக்‌ஷனரியில் நூற்று அறுபத்து மூன்று பெயர்கள்; ஊரில் இப்போது அப்படி ஒரே பெயர்க்காரர்கள் இந்த இரண்டு பேர்தான். அதே பெயரை இரண்டாம் முறை சேர்த்தபோது கணினி புதிய இடம் கொடுக்கவில்லை. பழையதை அழித்துவிட்டு அதன்மேலேயே எழுதியது. தப்பு என்றும் சொல்லவில்லை. அதற்கு ஒரு பெயர் என்றால் ஒரு ஆள். குட்டையன் ஏறியதும் இரண்டு பேரும் ஏறிவிட்டார்கள்.

நடக்க முடியாதவர்கள் வீட்டிலேயே இருக்கட்டும், பாக்கிப் பட்டியலைப் பார்த்து வண்டி வரும் என்று ஒலிபெருக்கியில் சொல்லியிருந்தார்கள். தேனீக்காரருக்கு இடுப்பு எலும்பு முறிந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. வண்டிக்காரரும் இப்போது இதே படகில்தான் இருந்தார்.

அவள் கேப்டனிடம் ஓடினாள்.

"திருப்புங்க கேப்டன்! ஒருத்தர விட்டுட்டோம்."

"எங்க திருப்ப? அங்க பாரு."

படகுத்துறைக் கொட்டகை கொழுந்துவிட்டு எரிந்தது. கேப்டன் கடலோரக் காவலுக்கு வயர்லெஸில் சொன்னார். புகையில் ஹெலிகாப்டர் இறங்காது, குறித்துக்கொள்கிறோம் என்று பதில் வந்தது. கைப்பேசியில் தொடர்பு இல்லை. கோபுரம் காலையிலேயே எரிந்துவிட்டது. செய்ய ஒன்றுமே இல்லாமல் போனது. திரும்பி வந்தவள், ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று அப்பா பெயர்களைச் சேர்த்து எல்லாவற்றையும் மறுபடி தட்டி, படகில் இருப்பவர்களுக்கு 'ஏறியாச்சு' போட்டாள். இப்போது நூற்று அறுபத்து நாலு. கணக்கு சரியாக இருந்தது. பாக்கி: தோதோரோஸ் மகன் அர்கிரிஸ் மவ்ரேலிஸ்.

குட்டையன் குனிந்து அதைப் படித்தார். "இதுல மாத்தி எழுத முடியுமா?"

"முடியும் மாமா."

"அப்ப என்னைய பாக்கின்னு போடு. அவன ஏறிட்டான்னு போடு."

"மாமா, இதுல எழுதினா அங்க..." வாய்விட்டு அழுதாள்.

அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துச் சாவிப்பலகை மேல் வைத்தார்.

"எழுதும்மா. அவன் வண்டி வரும்னு வாசல்ல உக்காந்திருப்பான்."